பிறப்பின் தடம்: வலைத்தளங்களுக்கான திறமூலத் தரவுத்தளத் தேர்வு உருவான வரலாறு (1986–2018)

முன்னுரை

வலைத்தளம் ஒன்றைக் கட்டத் தொடங்குபவர் எடுக்கும் முடிவுகளில் பலவற்றைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். பக்க வடிவமைப்பை மாற்றலாம். நிரலைப் பகுதி பகுதியாக வேறொரு மொழிக்குக்கூடக் கொண்டுபோகலாம். பல லட்சம் வரிசைகள் சேர்ந்துவிட்ட தரவுத்தளத்தை மாற்றுவது அப்படியன்று. தரவு வகைகள், தேடல் வாக்கியங்கள், காப்புநகல் முறை, நிர்வகிப்போரின் பழக்கம் எல்லாம் அதோடு சேர்ந்து மாற வேண்டும். மைஎஸ்க்யூஎல்லா, போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லா என்ற விவாதம் இருபத்தைந்து ஆண்டுகளாகியும் ஓயாமலிருப்பதற்கு இதுவே காரணம்.

அந்த விவாதம் பெரும்பாலும் வசதிப் பட்டியல்களை ஒப்பிடுவதாகவே நடந்துவந்திருக்கிறது. அப்பட்டியல்கள் விரைவில் பழையதாகிவிடுகின்றன. 2000இல் ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாமலிருந்தவற்றில் பெரும்பகுதி இன்று இரண்டிலும் உண்டு. அவ்வாறாயின், மாறாமல் எஞ்சியிருக்கும் வேறுபாடு எது? வெளியீட்டுக் குறிப்புகள், ஆவணங்கள், உரிம மாற்றங்கள், நிறுவனக் கைமாற்றங்கள் ஆகியவற்றின் வழியே இக்கட்டுரை அக்கேள்வியை ஆராய்கிறது. ஒவ்வொரு தரவுத்தளமும் முதன்முதலில் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அதன் தடம் இரண்டு இடங்களில் அழியாமல் நிற்கிறது என்பதே இதன் கருதுகோள். ஒன்று, வட்டில் தரவை எழுதும் முறை. மற்றொன்று, மென்பொருளின் மீதான உரிமை யாரிடம் இருக்கிறது என்பது.

பெர்க்லியின் ஆய்வுத் திட்டம்

இரண்டு தரவுத்தளங்களும் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட உறவுநிலை மாதிரிக் கட்டுரையின் வழிவந்தவையே. அதைச் செயல்படுத்திப் பார்க்க நடந்தவற்றுள் இரண்டு முயற்சிகள் முக்கியமானவை. ஒன்று ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் உருவான சிஸ்டம் ஆர். மற்றொன்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜீன் வாங்கும் உருவாக்கிய இங்கிரெஸ்.

இங்கிரெஸுக்குப் பின் என்ன என்ற கேள்விக்கு விடையாக 1986இல் போஸ்ட்கிரெஸ் திட்டம் தொடங்கியது. எண், சொல், நாள் என்ற வழக்கமான வகைகளுக்குள் அடங்காத தரவையும் பயனரே வரையறுத்துச் சேமிக்க முடியவேண்டும் என்பது அதன் முதன்மை நோக்கம். இரண்டாவது நோக்கம், பழைய தரவை ஒருபோதும் மேலெழுதாத சேமிப்பு முறை. ஒரு வரிசை மாறினால் பழையது அப்படியே இருக்க, புதியது அதனருகில் எழுதப்படும். இதன்மூலம் ஒரு குறிப்பிட்ட நாளில் தரவு எப்படி இருந்தது என்று பின்னோக்கிக் கேட்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

அந்தக் கால மீட்பு வசதி 1997இல் 6.2 பதிப்பில் கைவிடப்பட்டது. சேமிப்பு முறை மட்டும் தங்கியது. 1999இல் வந்த 6.5 பதிப்பு, அதன்மேல்தான் பல பதிப்பு ஒருங்கியக்கத்தைக் கட்டியது. படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை. எழுதுபவரும் படிப்பவரைத் தடுப்பதில்லை. ஒவ்வொருவரும் தமக்குரிய பதிப்பைக் காண்பர். வரலாற்றாய்வுக்கென்று வகுத்த அமைப்பு, ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தும் வலைத்தளங்களுக்குப் பொருந்திப்போனது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. காலாவதியான வரிசைகள் அட்டவணைக்குள்ளேயே தேங்கின. அவற்றை அகற்ற ‘வேக்கம்’ என்னும் துப்புரவுப் பணியை அடிக்கடி இயக்க வேண்டியிருந்தது. 2002இன் 7.2 பதிப்புவரை அப்பணி நடக்கும்போது அட்டவணையே பூட்டப்படும். இடைவிடாமல் இயங்க வேண்டிய தளத்துக்கு இது சிறிய இடையூறன்று.

பல்கலைக்கழகத் திட்டம் 4.2 பதிப்போடு முடிவுற்றது. 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்கள் அதன் சொந்தத் தேடல்மொழியை நீக்கி எஸ்க்யூஎல்லைச் சேர்த்தனர். போஸ்ட்கிரெஸ்95 என்று வெளிவந்த அது, 1996இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் எனப் பெயர் மாறி, பல்கலைக்கழகத்துக்கு வெளியே தன்னார்வலர்களின் பொறுப்புக்கு வந்தது. (இனி, புழக்கத்திலுள்ளபடி போஸ்ட்கிரெஸ் என்றே குறிக்கப்படும்.) பதிப்புரிமை அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலநிரலை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற பிஎஸ்டி வகை உரிமமும் பெர்க்லியிலிருந்து வந்த சொத்துதான்.

சுவீடனின் அறிக்கைக் கருவி

மைஎஸ்க்யூஎல்லின் பிறப்பு வேறு வகையானது. மைக்கேல் விடேனியஸ் தம் வாடிக்கையாளர்களின் தரவுகளிலிருந்து அறிக்கைகள் எடுக்க யூனிரெக் என்ற கருவியை வைத்திருந்தார். வலைத்தளங்கள் வந்தபோது அக்கருவியின் அட்டவணைகளை எஸ்க்யூஎல் வழியாகப் படிக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் டேவிட் ஹியூஸ் எழுதிய எம்எஸ்க்யூஎல் என்ற சிறிய தரவுத்தளம் பரிசீலிக்கப்பட்டது. அதன் வேகம் போதவில்லை. தம்மிடமிருந்த விரைவான சேமிப்பு நிரலின்மேல் புதிய எஸ்க்யூஎல் இடைமுகத்தைத் தாமே எழுத முடிவாயிற்று. 1995இல் விடேனியஸ், டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் மூவரும் இணைந்து சுவீடனில் நிறுவனத்தைத் தொடங்கினர். ‘மை’ என்பது விடேனியஸின் மகள் பெயர்.

இரண்டு முடிவுகள் இதன் எதிர்காலத்தை வகுத்தன. முதலாவது, நிரல்கள் தரவுத்தளத்தோடு பேசும் இடைமுகம் எம்எஸ்க்யூஎல்லினுடையதை ஒட்டி அமைக்கப்பட்டது. ஆகவே எம்எஸ்க்யூஎல்லுக்காக ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த வலைக் கருவிகள் சிறு மாற்றத்தோடு இதற்கு இடம்பெயர்ந்தன. இரண்டாவது, எஸ்க்யூஎல் அடுக்கும் சேமிப்பு அடுக்கும் தனித்தனியாக இருந்தன. பின்னாளில் பல சேமிப்பு எஞ்சின்களை மாற்றி மாற்றிப் பொருத்த இது வழிசெய்தது.

தொடக்க எஞ்சினான ஐசாமும் அதன் வாரிசான மைஐசாமும் படிப்பதற்கென்றே செதுக்கப்பட்டவை. பரிவர்த்தனை கிடையாது. அட்டவணைகளுக்கிடையிலான உறவைக் காக்கும் அயல் சாவி கிடையாது. அதற்கான வாக்கியத்தை எழுதினால் பிழை காட்டாமல் ஏற்றுக்கொண்டு புறக்கணித்துவிடும். ஒரு வரிசையைத் திருத்தினாலும் முழு அட்டவணையும் பூட்டப்படும். அயல் சாவி உண்மையிலேயே தேவைதானா என்று வாதிடும் பகுதிகூட அன்றைய கையேட்டில் இருந்தது. அறிக்கை எடுப்பவருக்கு இவை குறைகளாகத் தோன்ற வேண்டியதில்லை. செய்தித்தளமும் வலைப்பதிவும் அறிக்கையைப் போலத்தான்: ஒருவர் எழுத, ஆயிரம் பேர் படிப்பார்கள்.

லேம்ப் காலத்தில் தேர்ந்தெடுத்தவர் யார்?

லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி என்ற நால்வர் கூட்டுக்கு ‘லேம்ப்’ என்ற பெயரை 1998இல் ஜெர்மன் கணினி இதழ் ஒன்றில் மைக்கேல் குன்சே இட்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஷேர்டு ஹோஸ்டிங் விற்ற நிறுவனங்கள் இந்த நான்கையும் ஒரே பொதியாக வழங்கத் தொடங்கின. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறு தளங்களின் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்தவர் பெரும்பாலும் நிரலாளர் அல்லர், ஹோஸ்டிங் நிறுவனமே.

அந்நிறுவனத்தின் கணக்கு எளிது. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். பிஎச்பி ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிய இணைப்பைத் திறந்து மூடும். மைஎஸ்க்யூஎல் ஓர் இணைப்புக்கு ஓர் இழையை ஒதுக்கியது. போஸ்ட்கிரெஸ் தனிச் செயலாக்கத்தையே தொடங்கியது. கணினி நினைவகம் விலையுயர்ந்திருந்த காலத்தில் முதலாவதே கட்டுப்படியானது. துப்புரவுப் பணியைக் கவனிக்க ஆள் வைக்க வேண்டிய தேவையும் மைஎஸ்க்யூஎல்லில் இல்லை. தம் விண்டோஸ் கணினியில் பழகிப் பார்க்க விரும்பிய மாணவருக்கும் மைஎஸ்க்யூஎல் நேரடியாகக் கிடைத்தது. போஸ்ட்கிரெஸின் சொந்த விண்டோஸ் வடிவம் 2005இன் 8.0 பதிப்பில்தான் வந்தது.

மென்பொருள்கள் இச்சூழலைப் பின்தொடர்ந்தன. 2002இல் விக்கிப்பீடியா மாறிய பிஎச்பி மென்பொருளும் 2003இல் வெளியான வேர்ட்பிரஸும் மைஎஸ்க்யூஎல்லை நம்பியே எழுதப்பட்டன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், பின்னர் வேர்ட்பிரஸில் தொடங்கப்பட்ட ஏராளமான தமிழ்த் தளங்களும் இப்படித்தான் மைஎஸ்க்யூஎல்லுக்கு வந்துசேர்ந்தன.

பெரிய தளங்களுக்குக் காரணம் வேறு. ஒரு சர்வரில் எழுதியதைப் பல சர்வர்களுக்கு நகலெடுத்து, படிக்கும் சுமையைப் பகிரும் ரெப்ளிகேஷன் வசதி மைஎஸ்க்யூஎல் 3.23இலேயே இருந்தது. போஸ்ட்கிரெஸில் அது வெளிக் கருவிகளை நம்பியிருந்தது. மையத்திலேயே சேர்ந்தது 2010இன் 9.0 பதிப்பில்தான். வலை மிக வேகமாக வளர்ந்த அந்தப் பத்தாண்டு இடைவெளியில்தான் ஃபேஸ்புக் போன்ற தளங்கள் மைஎஸ்க்யூஎல்லோடு வளர்ந்தன. மைஎஸ்க்யூஎல்லின் வெற்றிக்கு வேகம் காரணம் எனப் பொதுவாகச் சொல்லப்படுவதைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். நிறுவ எளிது, இணைப்புக்குச் செலவு குறைவு, நகலெடுக்க வழி உண்டு என்ற மூன்றும் வேகத்துக்குக் குறையாத பங்கு வகித்தன.

பிழையை ஏற்பதும் மறுப்பதும்

தவறான தரவு வந்தால் என்ன செய்வது என்பதில் இரண்டின் பிறப்பும் துல்லியமாக வெளிப்பட்டது. பழைய மைஎஸ்க்யூஎல்லில் 127 வரை மட்டுமே கொள்ளும் புலத்தில் 300ஐ இட்டால் 127 பதிவாகும். நீளமான சொற்றொடர் அளவுக்கு வெட்டப்படும். ஆண்டு, மாதம், நாள் எல்லாம் பூச்சியமான தேதியும் ஏற்கப்படும். எச்சரிக்கை ஒன்று எழும். அதைக் கேட்டு வாங்கும் நிரல் அரிது. பரிவர்த்தனை இல்லாத எஞ்சினில் பாதி வேலையில் பிழை வந்தால் முன்னதைத் திரும்பப் பெற வழியில்லை. எனவே எப்படியாவது எழுதி முடிப்பதே மேல் என்ற நியாயம் அதற்கு இருந்தது. போஸ்ட்கிரெஸ் இத்தகைய தரவை மறுத்து முழுப் பரிவர்த்தனையையும் ரத்துசெய்தது. மைஎஸ்க்யூஎல்லிலும் 5.0 பதிப்பில் கண்டிப்பு முறை வந்தது. ஆயினும் விரும்பியவர் தேர்ந்துகொள்ளும் விருப்பமாக இருந்த அது இயல்புநிலையானது 2015இன் 5.7 பதிப்பில்தான்.

தமிழ்த் தளங்களுக்கு இது வெறும் கோட்பாட்டுச் சிக்கலன்று. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் கொள்ளும். மைஎஸ்க்யூஎல் 4.1க்கு முன்பு புலத்தின் நீளம் பைட்டுகளில் எண்ணப்பட்டது. 255 நீளமுள்ள தலைப்புப் புலத்தில் 85 குறிகளே அடங்கும்; ‘கொ’ என்ற ஓரெழுத்துக்கே இரண்டு குறிகள் வேண்டும். மிகுந்தது சத்தமில்லாமல் வெட்டப்பட்டது. 4.1இல் யூனிகோடு ஆதரவு வந்த பின்பும் இயல்புநிலைக் குறியாக்கம் லத்தீன்-1 ஆகவே நீடித்தது. இயல்பான அகரவரிசை விதி சுவீடிஷ் மொழிக்குரியது. தமிழைத் தாங்கிய பைட்டுகள் லத்தீன் எழுத்துகளாகப் பதிவாகி, அதே வழியில் திரும்பி வந்தவரை திரையில் தமிழ் சரியாகத் தெரியும். சர்வர் மாற்றும்போதோ காப்புநகலை மீட்கும்போதோ குறியாக்கம் ஒருமுறை மாற்றப்பட்டால் முழு உள்ளடக்கமும் புரியாத லத்தீன் குறிகளாக மாறிவிடும்.

‘யூடிஎஃப்8’ என்று பெயரிட்ட குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தவரும் முழுவதும் தப்பவில்லை. அது ஒரு குறிக்கு மூன்று பைட்டுகள் வரையே கொள்ளும். நான்கு பைட்டுகள் தேவைப்படும் எமோஜி ஒன்று கருத்துரையின் நடுவே வந்தால், கண்டிப்பு முறை இல்லாத தளத்தில் அதற்குப் பின்னுள்ள வாசகம் முழுவதும் மறைந்துபோகும். 2010இல் வந்த ‘யூடிஎஃப்8எம்பி4’ இதைத் தீர்த்தது. வேர்ட்பிரஸ் 2015இன் 4.2 பதிப்பில் அதற்கு மாறியது. மைஎஸ்க்யூஎல்லின் இயல்புநிலையாக அது ஆனது 2018இன் 8.0 பதிப்பில். இது எமோஜியோடு முடியும் விஷயமன்று. முந்திரி, காணி, மா முதலிய தமிழ்ப் பின்னக் குறிகளும் பழைய நில, தானிய அளவைக் குறிகளும் யூனிகோடில் 2019இல் சேர்ந்தபோது நான்கு பைட் பகுதியிலேயே இடம்பெற்றன. ஓலைச்சுவடிக் கணக்குகளையோ பழைய ஆவணங்களையோ மின்பதிப்பாக்கும் திட்டம் மூன்று பைட் குறியாக்கத்தில் இருந்தால் அக்குறிகளைப் பதிவுசெய்யவே முடியாது.

போஸ்ட்கிரெஸிலும் குறியாக்கத்தைச் சரிபார்க்காமல் எந்தப் பைட்டையும் ஏற்கும் ‘எஸ்க்யூஎல்-ஆஸ்கி’ என்ற அமைப்பு உண்டு. அதில் நிறுவியவர்கள் இதே தொல்லைக்கு ஆளாகலாம். ஆனால் யூடிஎஃப்-8 என்று உருவாக்கிய தரவுத்தளம் பிழையான பைட்டுகளை மறுத்துவிடும்.

கைமாறிய உரிமை

மைஎஸ்க்யூஎல் 2000இல் ஜிபிஎல் உரிமத்துக்கு வந்தது. திறமூல மென்பொருளுக்கு இலவசம். தம் நிரலை மூடிவைக்க விரும்பும் நிறுவனத்துக்குக் காசுக்கு உரிமம் என்ற இரட்டை முறை அது. இம்முறை செயல்பட மூலநிரலின் பதிப்புரிமை ஒரே நிறுவனத்திடம் இருக்க வேண்டும். நிறுவனம் விலைபோனால் மென்பொருளும் போகும் என்பது இந்த அமைப்பிலேயே பொதிந்திருந்தது.

அதன் விளைவுகள் படிப்படியாக வந்தன. இணைப்பு நூலகத்தின் உரிமம் ஜிபிஎல் ஆனதும் பிஎச்பியின் உரிமத்தோடு முரண்பட்டது. 2004இல் வந்த பிஎச்பி 5, மைஎஸ்க்யூஎல் நூலகத்தை உடன் வழங்குவதை நிறுத்தி எஸ்க்யூலைட்டைச் சேர்த்துக்கொண்டது. நிறுவனம் தனிவிலக்கு அளித்தே சிக்கலைத் தீர்த்தது. அடுத்த சிக்கல் எஞ்சினில் எழுந்தது. பரிவர்த்தனையும் வரிசை அளவிலான பூட்டும் கொண்ட இன்னோடிபியை எழுதியவர் பின்லாந்தின் ஹெய்க்கி தூரி. அவருடைய நிறுவனத்தை 2005 அக்டோபரில் ஆரக்கிள் வாங்கியது. மைஎஸ்க்யூஎல்லின் மிக முக்கியமான உறுப்பு போட்டி நிறுவனத்தின் கைக்குப் போனது. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சுமார் 100 கோடி டாலருக்கு மைஎஸ்க்யூஎல் நிறுவனத்தை வாங்கியது; 2009இல் அந்தச் சன்னையே வாங்குவதாக ஆரக்கிள் அறிவித்தது. ஐரோப்பிய ஆணையம் விரிவான விசாரணை நடத்தி 2010 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது.

விடேனியஸ் ஏற்கெனவே விலகி, இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபி என்ற கிளையைத் தொடங்கியிருந்தார். 2013இல் விக்கிமீடியா அதற்கு மாறியது. ரெட்ஹாட், டெபியன் ஆகிய லினக்ஸ் வெளியீடுகளும் பின்னர் அதையே தம் இயல்புத் தேர்வாக்கின. ஜிபிஎல் தந்த கிளைக்கும் உரிமை இங்கே பயன்பட்டது. அதே வேளையில், கிளை ஆண்டுதோறும் மூலத்திலிருந்து விலகியதால் இரண்டும் ஒன்றுக்கொன்று முழு மாற்று என்ற நிலையும் மெல்ல மறைந்தது.

போஸ்ட்கிரெஸின் நிறுவன வரலாறு இதற்கு நேரெதிர். அதை வணிகமாக்க அமெரிக்காவில் 2000இல் தொடங்கிய கிரேட் பிரிட்ஜ் 2001இலேயே மூடப்பட்டது. மென்பொருளின் வளர்ச்சி நிற்கவில்லை. 2020இல் என்டர்பிரைஸ்டிபி மற்றொரு போஸ்ட்கிரெஸ் நிறுவனமான செகண்ட்குவாட்ரன்டை வாங்கியபோது, போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் மையக் குழுவினரில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தனர். அவ்வாறு நேரக்கூடாது என்பது குழுவின் நடைமுறை. எனவே பிற நிறுவனங்களைச் சேர்ந்த இருவரைச் சேர்த்து அக்குழு சமன்செய்தது. வாங்குவதற்கு உரிமையாளர் ஒருவர் இல்லாத மென்பொருளில் நிறுவன விற்பனையின் தாக்கம் இவ்வளவே.

நெருங்கியவையும் நெருங்காதவையும்

2010க்குப் பின் வசதிகளில் இரண்டும் விரைந்து நெருங்கின. மைஎஸ்க்யூஎல் 5.5இல் இன்னோடிபி இயல்பு எஞ்சினானது. போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகேஷனைப் பெற்றது, மாங்கோடிபி போன்ற ஆவணத் தரவுத்தளங்கள் பரவியபோது 2014இல் ‘ஜேசான்பி’ வகையைச் சேர்த்தது, மைஎஸ்க்யூஎல் 5.7 தன் ஜேசான் வகையோடு வந்தது. மைஎஸ்க்யூஎல்லின் 8.0 பதிப்பு சாளரச் சார்புகள் முதலியவற்றைச் சேர்த்து நீண்டநாள் குறைகளைத் தீர்த்தது. அமேசானின் நிர்வகிக்கப்பட்ட சேவையில் மைஎஸ்க்யூஎல் 2009இலும் போஸ்ட்கிரெஸ் 2013இலும் இடம்பெற்றன. ஹோஸ்டிங் நிறுவனம் கொடுப்பதை ஏற்கும் நிலை மாறி, தேர்வு மீண்டும் நிரலாளர் கைக்கு வந்தது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 2023 கருத்தாய்வில் போஸ்ட்கிரெஸ் முதலிடத்தில் வந்ததை இப்பின்னணியில்தான் காண வேண்டும்.

நெருங்காதது சேமிப்பு அடுக்கு. இன்னோடிபி முதன்மைச் சாவியின் வரிசையிலேயே அட்டவணையை அடுக்குகிறது. பழைய பதிப்புகளைத் தனி இடத்தில் வைக்கிறது. பிற இண்டெக்ஸ்கள் முதன்மைச் சாவியையே சுட்டுகின்றன. ஒரு வரிசையைத் திருத்தினால், சாவி மாறாதவரை, தொடர்பற்ற இண்டெக்ஸ்களைத் தொட வேண்டியதில்லை. ஆனால் இண்டெக்ஸ் வழியாகத் தேடும்போது இரண்டு படிகள் ஏற வேண்டும். தாறுமாறான நீண்ட எண்ணை முதன்மைச் சாவியாக்கினால் எழுதும் வேகம் குறையும். போஸ்ட்கிரெஸில் இண்டெக்ஸ்கள் வரிசையின் இருப்பிடத்தையே சுட்டுகின்றன. புதிய பதிப்பு புதிய இடத்தில் எழுதப்படுவதால், பொதுவாக எல்லா இண்டெக்ஸ்களிலும் புதிய பதிவு தேவை. இண்டெக்ஸ் புலம் மாறாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால் அதைத் தவிர்க்கும் உத்தி 2008இன் 8.3இல் வந்தது. உபர் நிறுவனம் 2016இல் போஸ்ட்கிரெஸை விட்டு மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறியதை விளக்கியபோது முன்வைத்த முதன்மைக் காரணங்களுள் இந்த எழுத்துப் பெருக்கமும் ஒன்று. 1986இல் ஆய்வுக்காகச் செய்த மேலெழுதாச் சேமிப்பு, முப்பதாண்டுக்குப் பின் வாடகைக்கார் நிறுவனத்தின் தேர்வில் பங்கு வகித்திருக்கிறது.

மறுபுறம், அட்டவணை அமைப்பு மாற்றங்களையும் பரிவர்த்தனைக்குள் அடக்கி, தவறினால் முழுவதையும் திரும்பப்பெறும் வசதி போஸ்ட்கிரெஸுக்கு உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் ஒவ்வொரு அமைப்பு மாற்றமும் அந்தக் கணமே உறுதியாகிவிடும். பயனரே புதிய வகைகளைச் சேர்க்கலாம் என்ற பெர்க்லிக் கொள்கையின் பலனாகவே, நிலவரைபடத் தரவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ் 2001இலேயே வெளியிலிருந்து உருவாக முடிந்தது.

முடிவுரை

இந்த வரலாறு தேர்வுக்கு மூன்று அளவுகோல்களைத் தருகிறது. முதலில், எழுதும் முறை. இண்டெக்ஸ்கள் மிகுந்த அட்டவணையில் சிறு திருத்தங்கள் ஓயாமல் நடக்குமானால் இன்னோடிபியின் அமைப்பு சாதகமானது. சிக்கலான தேடல், பலவகைத் தரவு, அடிக்கடி மாறும் அட்டவணை அமைப்பு ஆகியவை இருந்தால் போஸ்ட்கிரெஸ் பொருந்தும். ஒரே சர்வரில் இயங்கி, ஒரு நேரத்தில் ஒருவர் எழுதினாலே போதும் என்ற தளத்துக்கு இரண்டுமே தேவையில்லாமல் போகலாம்: ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட எஸ்க்யூலைட், தனிச் சர்வரே இன்றி ஒரு கோப்பில் அந்த வேலையைச் செய்கிறது.

இரண்டாவது, உரிமை. பத்தாண்டுக்கு மேல் நிலைக்க வேண்டிய அரசுத் திட்டமோ நூலகமோ ஆவணக்காப்பகமோ, மென்பொருள் கைமாறினால் தன் நிலை என்ன என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, ஏற்கெனவே இருக்கும் சூழல். வேர்ட்பிரஸில் தளம் நடத்துபவருக்கு மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபியே இயல்பான வழி. வெறும் கொள்கைக்காக அதை மாற்றுவதால் பயன் சிறிது, தொல்லை பெரிது. அவர் உடனே செய்ய வேண்டியது, தம் அட்டவணைகள் எந்தக் குறியாக்கத்தில் உள்ளன, கண்டிப்பு முறை இயங்குகிறதா என்று பார்ப்பதே. ஏனெனில் பழைய தளங்களில் பதிப்பு புதியதாகியிருந்தாலும், அட்டவணைகளும் அமைப்புகளும் அவை உருவான ஆண்டின் இயல்புநிலையிலேயே இருக்கக்கூடும்.

வசதிப் பட்டியல் இன்று எது இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். ஒரு தரவுத்தளம் எந்தச் சுமையில் திணறும், எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும், யாருடைய முடிவுக்குக் கட்டுப்படும் என்பவற்றை அறிய அதன் வரலாற்றைப் படிப்பதே குறுக்குவழி.